சாம்பார் வாளிக்கு வழி

குரோம்பேட்டையில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதமே டைனிங் டேபிள் வாங்கிவிட்டேன். 5 அடி நீளம், 3 அடி அகலம், மேலே கண்ணாடி, முதுகு உயர்ந்த 6 நாற்காலிகள். கடையில் அதைச் சுற்றி ஒரு ஆட்டோ திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. வீட்டில் கொண்டுவந்து போட்டதும் ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. கீழே இருக்கும் காய்கறிப் பெட்டியை வெளியே இழுக்க முடியாது. ஒரு கீரைக்கட்டு எடுக்க ஒரு நாற்காலியை நகர்த்த வேண்டும், அதை நகர்த்த அடுத்த நாற்காலியை நகர்த்த வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு நாற்காலிகளைப் பால்கனிக்கு அனுப்பினோம். இரண்டு ஐப்பசி மழை தாங்கின.

மேசை நான்கு வருடம் இருந்தது. இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, அம்மாவின் மருந்து டப்பா, மகளின் ரெக்கார்டு நோட்டு, ஈ.பி. கார்டு எல்லாம் அதன்மேல் சௌகரியமாகக் குடியிருந்தன. நாங்கள் டி.வி. முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். கண்ணாடி மேல் எவர்சில்வர் தட்டை வைக்கும்போது வருகிற சத்தமும் ஒரு காரணம். காலை 5 மணிக்கு ஒரு டம்ளரை எவ்வளவு மெதுவாக வைத்தாலும் பக்கத்து அறையிலிருந்து அம்மா “யாருலே அது?” என்பாள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 850 சதுர அடி ஃபிளாட். ஹாலும் டைனிங்கும் ஒன்றாக, எல் வடிவத்தில். அந்த எல் மடங்குகிற இடத்தில் 8 அடிக்கு 7 அடி. பில்டர் கொடுத்த படத்தில் அங்கே ஒரு மேசையும் 6 நாற்காலியும் அழகாக வரைந்திருந்தது. படத்தில் ஃபிரிட்ஜ் இல்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இல்லை. இன்வெர்ட்டர் இல்லை. கை கழுவும் பேசின் ஒரு சின்ன வட்டமாக மூலையில் இருந்தது, அதன் முன்னால் ஒரு ஆள் நின்று வாய் கொப்பளிப்பார் என்பது படத்தில் இல்லை. சமையலறையில் இடம் போதாததும், ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படுவதும் கடைசியில் வந்து சேருகிற இடம்தான் நம் ஊர் ஃபிளாட்டில் டைனிங்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஒருவர் தோள் இடிக்காமல் சாப்பிட 2 அடி அகலம் வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து இரண்டரை அடி. 3 அடி அகல மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை போட்டால் 8 அடி. என்னிடம் இருந்தது 7. இந்தக் கூட்டலைக் கடைக்குப் போகும் முன்பே போட்டிருக்கலாம். நான் குஷன் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். அது எனக்குத் தெரியவந்தது அந்த ஆனி மாதம்.

என் மனைவி மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தாள். அதே சமயம் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, புதுத்தம்பதியை விருந்துக்கு அழைக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், தள்ளிப்போட முடியாது. “கை சரியாகட்டும்லே, ஆவணியில பாத்துக்கிடலாம்” என்று அக்கா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து என்றால் சொதி. தேங்காய்ப்பால் மூன்று பால் எடுத்து, சிறுபருப்பு போட்டு, பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குக் கறியுமாக. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல, மகளும் நானும் சமைத்தோம். அதுகூட நன்றாகத்தான் வந்தது.

பரிமாறுவது என் பொறுப்பு. அக்கா, அத்தான், அத்தானின் அம்மா, மகள், மாப்பிள்ளை. துணைக்கு உட்காரச் சொல்லி என் அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். நாலு நாற்காலி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். எல்லோரும் உட்கார்ந்ததும்தான் பார்த்தேன், ஒரு பக்கம் நாற்காலி முதுகு சுவரில் முட்டி நிற்கிறது, மறு பக்கம் ஃபிரிட்ஜில் முட்டி நிற்கிறது. நான் எந்த வழியாகப் போவது? சொதி வாளியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அத்தானின் அம்மாவிடம் “கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கிடுங்க அத்தை” என்று கேட்டு, மாப்பிள்ளையின் வலது தோளுக்கு மேலாகக் கரண்டியை நீட்டினேன். அவர் மரியாதைக்காக ஒதுங்கினார். ஒதுங்கியது நான் நீட்டிய பக்கம். புதுச் சட்டையின் தோளில் ஒரு கரண்டி. நல்லவேளை, சொதி வெளுத்த குழம்பு. சாம்பாராக இருந்திருந்தால் அந்தக் கறை கல்யாண ஆல்பம் வரைக்கும் பேசப்பட்டிருக்கும்.

நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் பந்தியில் உட்கார்ந்தவன். விசேஷ வீட்டில் ஒருமுறை தண்ணீர் ஜக்கைத் தூக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த மேசைக்கும் சுவருக்கும் நடுவில் என் மனைவி நாலு வருடமாக எப்படிப் போய்வந்தாள் என்று அன்று ராத்திரி கேட்டேன். “போகவே மாட்டேன். இந்த ஓரத்துல நின்னு எட்டி வைப்பேன். உள்பக்கம் உக்கார்றவங்களுக்கு ரெண்டாம் தடவை ரசம் கிடையாது. நீங்க கவனிச்சதில்லையா?” என்றாள்.

விற்கிற மேசைகளெல்லாம் நடுவில் பாத்திரங்களை வைத்து, அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுகிற சாப்பாட்டுக்குச் செய்தவை. அதனால்தான் 3 அடி அகலம். நம் வீட்டுச் சாப்பாடு அப்படி நடப்பதில்லை. ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு வந்து போட வேண்டும். போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்த பிறகும் விரல் சந்தில் ஒரு கரண்டி விட வேண்டும். அதற்கு ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும், நடக்க வழி வேண்டும். கல்யாண மண்டபத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். அங்கே மேசை ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஆட்கள், எதிர்ப்பக்கம் முழுக்கப் பரிமாறுகிறவருக்கு. சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே வாளி வரும், தோளுக்கு மேலே வராது.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் நீளமாகக் கோரைப்பாயை விரித்தால் அது டைனிங், சுருட்டி மூலையில் சாய்த்தால் வெறும் கட்டு. 20 பேர் வந்தாலும் பாய்தான், 2 பேர் வந்தாலும் பாய்தான். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதன் மகிமை பற்றி வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்று வருகிறது. எழுதுகிறவர்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது போல. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது, தரையில் உட்காரக் கூடாது. அதுவும் தவிர, பந்தி முழுக்கக் குனிந்து குனிந்து பரிமாறிய முதுகு பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வரியும் வருவதில்லை. “உங்க ஆச்சி அம்பது வயசுலயே வளைஞ்சுதான் நடப்பா” என்பாள் அம்மா.

சரி, கண்ணாடி மேசையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை கடைக்குப் போகவில்லை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, மேசை அளவுக்கு வெட்டித் தரையில் போட்டேன். நாலுக்கு இரண்டரை அடி முதலில். மனைவி கையில் ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலிலிருந்து சுற்றி வந்தாள். நானும் மகளும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டோம். இடித்தது. பேப்பரில் 3 அங்குலம் மடித்துவிட்டோம். இடிக்கவில்லை. ஒரு வாரம் பேப்பர் அங்கேயே கிடந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று நினைத்தார்கள்.

ஆக, 4 அடி நீளம், 27 அங்குல அகலம். எதிரும் புதிருமாக இரண்டு இலை போட்டால் முட்டும் முட்டாமல் இருக்கும், நடுவில் ஒரு கிண்ணம்கூட வைக்க முடியாது. வைக்க வேண்டியதும் இல்லை.

தெரிந்த ஆசாரி ஒருவர் வந்தார். அளவைப் பார்த்துவிட்டு, “ஸ்கூல் பெஞ்ச் மாதிரி இருக்குமே சார்” என்றார். மேலே கிரானைட் போடலாம், சூடு தாங்கும், கறை பிடிக்காது என்பது அவருடைய யோசனை. சமையல் மேடைக்குப் போட்டதில் மிச்சமான மாதிரி ஒரு பலகைதானே என்று எனக்கும் சபலம். ஆனால் முக்கால் அங்குலக் கிரானைட் இந்த அளவில் 45 கிலோ பக்கம் வரும். எங்கள் மேசை தினமும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆள் வந்தால் முன்னால் நகர வேண்டும். 45 கிலோவை யார் இழுப்பது? கடைசியில் 19 மி.மீ. பிளைவுட், மேலே மினுக்கம் இல்லாத மைக்கா, ஓரத்தில் தேக்கு பீடிங், ரப்பர் மரத்தில் கால். பால் வடித்து ஓய்ந்த ரப்பர் மரம்தான், தேக்கு விலையில் பாதிக்கும் குறைவு. பேசின் பக்கத்திலேயே இருப்பதால் பிளைவுட் மட்டும் தண்ணீர் தாங்குகிற ரகமாக, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கினோம். நிறம் அடர்ந்த காப்பிப்பொடி நிறம். மஞ்சள் கறை துணியில் பட்டால் வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைக்கலாம். எங்கள் டைனிங்கில் சித்திரை மாதத்திலும் வெயில் விழாது.

உட்காருவதில்தான் பேச்சு நீண்டது. மேசை 30 அங்குல உயரம், இருக்கை 18, இது எல்லா ஆசாரிக்கும் தெரிந்த அளவு. நடுவில் 12 அங்குலம் இருக்கிறது, காலுக்கு அது போதும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுவதில்லை. அம்மாவைத் தவிர எல்லோரும் நாற்காலி மேலேயே சம்மணம்தான். கைவைத்த நாற்காலியில் அது முடியாது. கையில்லாத நாற்காலியில் முடியும், ஆனால் முட்டி மேசைக்கு அடியில் ஓடுகிற சட்டத்தில் இடிக்கும். பழைய மேசையில் மகள் முட்டியில் எப்போதும் ஒரு தழும்பு. ஆசாரி ஒரு ஸ்டூலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், டேப்பை முட்டிமேல் வைத்து அளந்தார், கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “சட்டத்த ஓரத்துலேந்து அஞ்சு இஞ்ச் உள்ள தள்ளிடறேன் சார். முட்டி வெளிய நின்னுக்கும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்குத் தனியாகக் கூலி கொடுத்திருக்க வேண்டும்.

சுவர்ப் பக்கத்துக்குப் பெஞ்ச். மேசைக் கால்களுக்கு நடுவில் நுழையும் நீளம், 16 அங்குல அகலம், முதுகு கிடையாது, சுவர்தான் முதுகு. சாதாரண நாட்களில் அது முழுசாக மேசைக்கு அடியில் போய்விடும், மேசை சுவரோடு ஒட்டிவிடும். முன்பக்கம் இரண்டு ஸ்டூல், ஹால் பக்க ஓரத்தில் அம்மாவுக்கு மட்டும் கையும் முதுகும் வைத்த ஒரு நாற்காலி. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை வேண்டும். செட்டாக இல்லையே என்று யாராவது சொன்னால், இல்லை, அவ்வளவுதான். ஒரே மாதிரி ஆறு நாற்காலி என்பது ஒரே மாதிரி ஆறு முட்டி இருக்கிற வீட்டுக்கு.

ஆட்கள் வந்தால் பெஞ்சை வெளியே எடுத்துச் சுவரோடு போட்டு, மேசையை 16 அங்குலம் முன்னால் இழுப்போம். அப்போதும் மேசை விளிம்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை 3 அடி 5 அங்குலம் மிச்சம். அது நாற்காலிக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டூல் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி வாளிக்கு.

மேசையின் ஹால் பக்க ஓரத்தில் கீல் போட்டு ஒன்றரை அடிக்கு ஒரு மடிப்புப் பலகை. தூக்கி நிறுத்தினால் மேசை ஐந்தரை அடி. பெஞ்சில் இருவர், பலகைப் பக்கம் ஒரு ஸ்டூல், எதிரே மூன்று ஸ்டூல், மொத்தம் ஆறு. ஆளுக்கு 22 அங்குலம்தான் வரும், தலைவாழை இலையின் அடியைக் கொஞ்சம் நறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்டூல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற ரகம், மற்ற நாட்களில் பீரோ பக்கத்துச் சந்தில் நிற்கும். எட்டுப் பேர், பத்துப் பேர் வந்தால்? இரண்டு பந்தி. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் உட்காரவைப்பதுதானே வழக்கம். மேசை வாங்கும்போது மட்டும் நாம் ஏன் அதை மறந்துவிடுகிறோமோ.

மடிப்புப் பலகைக்குக் கீழே இரண்டு பிராக்கெட். பலகையைத் தூக்கியதும் ‘டக்’ என்று இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ள வேண்டும். முதல் விருந்தில் ஒரு ‘டக்’தான் கேட்டது. கேட்டுக்கொண்டே நான் பாயசக் கிண்ணங்களை அதன்மேல் அடுக்கினேன். நாலாவது கிண்ணம் வைத்தபோது பலகை சாவகாசமாக, ஒரு பெரியவர் படுக்கப் போகிற மாதிரி, கீழே சாய்ந்தது. பால் பாயசம். சோபாவின் கால் வரைக்கும் ஓடியது. எறும்பு ஒரு வாரம் எங்களோடு இருந்தது. ஆசாரி மேல் குறையில்லை, இரண்டு ‘டக்’ என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது பலகையைத் தூக்கினால் மகள் வாய்விட்டு எண்ணுகிறாள்.

எல்லாவற்றையும்விட உபயோகமாக அமைந்தது மேசையே இல்லை, ஒரு தட்டுப்பலகை. சமையலறை வாசலை ஒட்டிய சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, 3 அடி உயரத்தில், 10 அங்குல அகலத்துக்கு ஒரு பலகை அடித்தோம். செங்கல் சுவர் என்பதால் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடித்தது. இப்போதைய லேசான பிளாக் சுவராக இருந்தால் அதற்கென்று தனி ஆணி கேட்டு வாங்க வேண்டும். தினமும் அதில் ஊறுகாய் பாட்டில், உப்பு, நெய், கரண்டிக் கூடு. விருந்தன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆச்சி காலத்துப் பிரிமணைகளைப் போட்டு, அதன்மேல் குழம்பு வாளி, ரசப் பாத்திரம், சோற்றுத் தாம்பாளம். பரிமாறுகிறவர் ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குள் ஓட வேண்டாம், குனிய வேண்டாம், கையெட்டும் தூரத்தில் எல்லாம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் வசதிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று வீடு கட்டுகிற எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தலையாட்டிவிட்டு ஆறு நாற்காலி வாங்குகிறார்கள்.

விளக்கு, ஃபேன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு மேல் மஞ்சள் விளக்கு தொங்கவிட்டுப் பார்த்தோம், படத்தில் வருவதுபோல அழகாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் ரசம் எது, வத்தக்குழம்பு எது என்று தெரியவில்லை. இப்போது வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவிலான 4000 கெல்வின் பல்பு. தலைக்கு நேர்மேலே ஃபேன் இருந்தால் அப்பளம் நமத்துப்போகும், சோறு விறைக்கும், இலை ஓரம் தூக்கும். அதனால் சுவரில் ஒரு சின்ன ஃபேன், முகத்தைப் பார்த்து. ஸ்டூல் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டினேன், அது கீழ்வீட்டுக்காரருக்காக. மாட்டியதற்கு அடுத்த வாரம் லிஃப்டில் பார்த்துச் சிரித்தார். நான்கு வருடத்தில் முதல் தடவை.

பேசின் பிரச்சினையை மட்டும் தீர்க்க முடியவில்லை. பந்தி முடிந்து ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள், ஒரே பேசின். எச்சில் கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்று அத்தனை பேரும் அரசியல் பேசுவார்கள். அந்த வரிசை நிற்பது வாளி போகிற வழியில்தான். குழாயை மாற்றினால் தரையை உடைக்க வேண்டும். விட்டுவிட்டோம்.

போன தை மாதம் அக்கா குடும்பம் மறுபடி வந்தது, கைக்குழந்தையோடு. அதே சொதி. முதல் பந்தியில் அவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்தார்கள். இரண்டாம் பந்தியில் நாங்கள் மூன்று பேர்தான். எப்போதும்போல இருப்பதை மேசையில் வைத்துக்கொண்டு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம். மனைவி பெஞ்சில் ஏறிச் சம்மணம் போட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்து பலகையில் இருந்த வாளியைத் தூக்கினார்.

“ஐயய்யோ, மாப்பிள்ளை போய் வாளியத் தூக்கிக்கிட்டு! ஏலே, எந்திரிச்சு வாங்குலே!” என்றாள் அம்மா நாற்காலியிலிருந்து.

“இருக்கட்டும் ஆச்சி, இங்கதான் நிக்க இடம் இருக்குல்லா” என்றார் அவர். என் மனைவிக்கு முதலில் ஊற்றினார். இஞ்சித் துவையல் எங்கே என்று கேட்டு, பலகையில் தேடி எடுத்து அதையும் வைத்தார். சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அதைக் குழிபறித்துச் சொதியைத் தேக்கி, ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

அப்புறம் என் பக்கம் வந்தார். “மாமா, இன்னும் கொஞ்சம்?”

கையை விரித்தேன். அதற்குள் ஊற்றிவிட்டார்.